வேலைக்குப் போயிருந்தவள்

மழை நாலு நாள் விடாமல் அடித்தால் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருப்பவர்களுக்கு இடுப்பு போய்விடும். வெயில் நாளில் கொடியிலேயே காயும் விரிப்புகள்கூட அப்போது உருளைக்குள் போய்த்தான் வெளியே வரவேண்டும். நீராவி ஓடும் இரட்டை இரும்பு உருளை அது. இந்தப் பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால் அந்தப் பக்கம் காகிதம் மாதிரி மொடமொடவென்று வரும். வந்ததைச் சூடு ஆறுவதற்குள் இரண்டு பேர் நாலு மூலையையும் பிடித்து உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து மடிக்கவேண்டும். ஒரு ஷிப்டுக்கு நானூறு விரிப்பு. கை தன்பாட்டுக்கு ஓடும், வாய் தன்பாட்டுக்கு ஓடும்.

அவள் அந்த மடிப்பு வேலைக்கு வந்து பதினோரு வருஷம். எதிர்முனை பிடிப்பவள் பெரியக்கா. உருவமும் பெரிசு, குரலும் பெரிசு, அதனால் அந்தப் பெயர்.

அந்த வாரம் முழுக்கச் சலவைக்கூடம் அவளைக் கேலி செய்துகொண்டிருந்தது. மரம் அறுக்கும் மில்லில் பலகை சுமந்துகொண்டிருந்த அவள் புருஷனுக்குக் கிறிஸ்தவச் சபைக்காரர்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் மரத்தூள் மேட்டில் உட்கார்ந்து புத்தகம் படிப்பவன் என்பதால் மில்லில் அவனை எப்போதோ 'வாத்தி' ஆக்கிவிட்டிருந்தார்கள். தபாலில் படித்து, ஒரு வருஷம் தோற்று, இரண்டு வருஷம் புத்தகத்தையே தொடாமல் கிடந்து, மறுபடி எழுந்து, பயிற்சியும் முடித்து, அந்தப் பட்டப்பெயர் உண்மையாவதற்கு ஒன்பது வருஷம் பிடித்தது.

"வாத்தியார் சம்சாரம் வந்தா எழுந்து நிக்கணுமா, உக்காந்தே வணக்கம் சொல்லலாமா?" என்றார் பாய்லர்காரர்.

"உக்காந்தே இரு. எழுந்தா உன் முட்டி போடற சத்தத்துல நோயாளி பயந்துடுவான்" என்றாள் அவள்.

கேலி பிடித்திருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவளைப் பார்த்து ஜனங்கள் சிரிக்கிறார்கள். ஆறு வருஷமாக அவளிடம் யாரும் அளவுக்கு மீறிச் சிரித்ததில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் முன்னால் எவ்வளவு சிரிக்கலாம் என்று ஒவ்வொருத்தரும் மனசுக்குள் ஒரு கோடு வைத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, நூறு விரிப்பு தாண்டியிருக்கும். பெரியக்கா வழக்கத்துக்கு மாறாக அரைமணி நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்.

"ஏண்டி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"நீ கேக்காம இருந்தாத்தான் பயமா இருக்கு. கேளு."

"உன் வீட்டுக்காரர் தங்கமான மனுசன்டி. நான் இத்தனை நாளா அந்த ஆளை உம்மணாமூஞ்சின்னு நெனச்சுட்டிருந்தேன்."

"உம்மணாமூஞ்சிதான். என்ன திடீர்னு தங்கமாயிட்டாரு?"

"உன்ன மன்னிச்சாராமே."

"எதுக்கு?"

பெரியக்கா மூலைகளைப் பிடித்தபடி நின்றாள். "பாப்பா விஷயத்துலதான். என் நாத்தனார் மக அந்த ஸ்கூல் ஆபீஸ்ல டீ குடுக்கறா இல்ல. இன்டர்வியூ அன்னைக்கு அவதான் உள்ள டீ கொண்டு போனா. உங்க வீட்டுக்காரர் சாட்சி சொன்னாராம். அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் பெரியம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டாங்களாம். இவ தட்டோட அங்கயே நின்னுட்டாளாம்."

விரிப்பு அவள் கையைவிட்டு நழுவவில்லை. பதினோரு வருஷப் பழக்கம். கைக்குக் காது கிடையாது. அவள் நடந்து வந்து தன் முனையைப் பெரியக்காவின் முனையோடு சேர்த்தாள். அவ்வளவு கிட்டத்தில் நின்றபடி கேட்டாள்.

"என்ன சாட்சி? முழுசாச் சொல்லு."

சபைக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் சர்டிபிகேட் மட்டும் போதாது. நீ எப்படி விழுந்தாய், கர்த்தர் உன்னை எப்படித் தூக்கினார் என்று வாயால் சொல்லவேண்டும். அதற்குப் பெயர் சாட்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் குடித்துத் திருந்தியவன் சொல்வான், வியாதியில் பிழைத்தவள் சொல்வாள். விழுந்த இடம் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குச் சபை உருகும். குடிக்காத, திருடாத, வியாதியும் வராத மனுஷன்பாடு அங்கே கொஞ்சம் திண்டாட்டம்தான்.

பெரியக்கா முழுசாகச் சொன்னாள். மூன்று வயதுப் பெண் குழந்தை. காய்ச்சல். பெற்றவள் குழந்தையைத் தனியாகப் படுக்கவைத்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டாள். தகப்பன் மில்லிலிருந்து திரும்பிவந்து கதவைத் திறந்தால் குழந்தை முடிந்துபோயிருக்கிறது. பெண்டாட்டியை வெட்டிப்போடலாம் என்று வந்த கோபத்தைக் கர்த்தர் அடக்கினார். மூன்றாம் நாள் அவன் மண்டிபோட்டு அவளை மன்னித்தான். மன்னித்தவுடனே, உலகத்துப் பிள்ளைகளையெல்லாம் உன் பிள்ளையாகப் பார் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

"நானா இருந்தா மன்னிச்சிருக்க மாட்டேன்டி, சத்தியமா" என்றாள் பெரியக்கா. பிறகு அவசரமாக, "உன்னச் சொல்லல. என் புருஷன் அப்படிச் செஞ்சிருந்தா, அதச் சொல்றேன். வயித்துப்பாடு, நீ போனே. யாரு போகல? நானும்தான் என் புள்ளைங்க ரெண்டையும் வீட்டுக்குள்ள பூட்டிட்டுப் போயிருக்கேன்" என்றாள்.

"அடுத்ததை எடு" என்றாள் அவள்.

மிச்சமிருந்த முந்நூறு விரிப்பையும் மடித்து முடித்தார்கள்.

குழந்தை போன அந்த நாள் வேறு மாதிரி நடந்தது. அவளுக்கு அது நடந்தபடியே தெரியும்.

குழந்தைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். அவனுக்கு அந்த வாரக் கடைசியில் பரீட்சை. மில்லுக்கு நாலு நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டில் படித்துக்கொண்டிருந்தான். காலை ஷிப்டுக்கு அவள் போகவா வேண்டாமா என்று நிலைப்படியில் நின்றபோது, "நீ போ, நான் இருக்கேன்ல" என்றான். பத்து மணிக்கு ஒரு மூடி மருந்து, நெற்றியில் ஈரத்துணி, கஞ்சி குடித்தால் கஞ்சி. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனாள். மத்தியானம் இரண்டரைக்குத் திரும்பினாள். அவன் மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமல், "தூங்கறா, எழுப்பாதே. இப்பத்தான் அடங்கியிருக்கா" என்றான்.

அவள் போய் நெற்றியைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டாள்.

அந்தச் சந்தோஷம் எத்தனை நேரம் இருந்தது என்று அவளால் இன்றைக்கும் சொல்லமுடியாது. கை கழுத்துக்கு இறங்குகிற நேரம்தான் இருக்கும்.

காய்ச்சலில் வலிப்பு வந்திருக்கும், பக்கத்தில் இருந்தாலும் தெரிந்திருக்கும் என்று சொல்லமுடியாது என்றார் டாக்டர். பத்து மணிக்கு மருந்து கொடுத்தாயா என்று அவள் அவனைக் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு எழுந்துபோய்ப் பார்த்தாய் என்றும் கேட்கவில்லை. மருந்துப் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து அளவு பார்க்காமல் அப்படியே குப்பையில் போட்டாள். பார்த்தால் அவனோடு வாழமுடியாமல் போகலாம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவனும் ஒருநாளும் சொல்லவில்லை. கேட்காத கேள்வியும் சொல்லாத பதிலுமாக ஆறு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே போர்வையில் படுத்தார்கள். வெளியே இருந்து பார்த்தவர்கள் நல்ல குடும்பம் என்றார்கள். அதுவும் பொய் இல்லை.

இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது அவன் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தான். மில்லில் போன வருஷம் ரம்பம் தின்ற ஆள்காட்டி விரல் நுனி இல்லாத கையால், காலரை இழுத்துப் பிடித்து, சுருக்கத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தான்.

"குடு இப்படி" என்று வாங்கிக்கொண்டாள்.

"திங்கக்கிழமை அர்ப்பணிப்பு ஆராதனையாம். புது வாத்தியார் எல்லாரையும் மேடையில நிறுத்தி ஜெபம் பண்ணுவாங்க. குடும்பத்தோட வரணும்னு பெரியம்மா சொன்னாங்க. உன்னையும்தான்." பிறகு சிரித்தான். "அங்க வந்து 'யோவ்'னு கூப்பிட்டுராதே. 'வாங்க போங்க'ன்னு பேசு. ஒரு நாள்தான்."

"சாட்சி என்ன சொன்னே?"

அவன் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. போவதற்கு வழி தெரியாமல் அங்கேயே கொஞ்சநேரம் நின்றது.

"யாரு சொன்னா?"

"டீ குடுத்தவ சொன்னா. அத விடு. நீ சொல்லு."

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் வாளியில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வாளி நிறைந்துவிட்டதென்று இரண்டு பேருக்கும் தெரியும். யாரும் எழுந்திருக்கவில்லை.

"முதல்ல போன ஸ்கூல்ல உள்ளதச் சொன்னேன்" என்றான். "நான்தான் வீட்டுல இருந்தேன், படிச்சிட்டிருந்தேன், கவனிக்கலன்னு சொன்னேன். அதுதானே நான் விழுந்த இடம். சொல்லி முடிச்சதும் மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ஒரு ஆளு கேட்டான், எந்த வகுப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கீங்கன்னு. சின்னப் புள்ளைங்களுக்குன்னேன். அவன் ஏதோ எழுதினான். அவ்வளவுதான். கடுதாசி வரல."

"ம்."

"ரெண்டாவது இடத்துல ஒண்ணுமே சொல்லல. சாட்சி இல்லாத ஆளு எங்களுக்கு வேணாம்னுட்டாங்க. இங்க... இங்கயும் போகும்னுதான் நெனச்சேன். அந்தப் பெரியம்மா நல்லவிதமாக் கேட்டாங்க, உங்களுக்குக் குழந்தைங்க எத்தனைன்னு. இருந்துச்சுன்னேன். என்னாச்சுன்னாங்க. நான் அப்படிச் சொல்லணும்னு போகல. வாய் திரும்பிடுச்சு."

"வாய் திரும்பிடுச்சு."

"ஒரு புள்ளையப் பாத்துக்கத் தெரியாதவன் கையில நாப்பது புள்ளையக் குடுப்பாங்களா? நீயே சொல்லு. நீ குடுப்பியா?"

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அதனால என் தலையில வச்சுட்டே."

"உன் பேரச் சொல்லல."

"பொண்டாட்டின்னு சொன்னியே. உனக்கென்ன நாலு பொண்டாட்டியா, இவளா அவளான்னு ஊரு தேடறதுக்கு?"

அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். அழுகிறானா என்று பார்த்தாள். அழவில்லை. வெயிலில் பலகை சுமந்துவிட்டு வந்தவன் முகத்தை மூடி உட்காருவது மாதிரி வெறுமனே உட்கார்ந்திருந்தான்.

"நான் மூணா நாள் உன்ன மண்டிபோட்டு மன்னிச்சேனா?" என்று அவள் கேட்டாள். "இல்ல, நீ என்னையா? அதையாவது சரியாச் சொன்னியா?"

"அப்படிக் கேக்காதே."

"எப்படிக் கேக்கறது? நீதான் சொல்லிக்குடு. வாத்தியாரு."

அவள் கஞ்சியைச் சூடாக்கிக் கொடுத்தாள், குடித்தான். சட்டையைப் பெட்டி போட்டு முடித்து ஆணியில் மாட்டினாள். ஒரு சுருக்கம் இல்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் அதையே புரட்டிக்கொண்டிருந்தாள். மேடையில் ஏறி, இல்லை, வீட்டில் இருந்தது அவர்தான் என்று சொன்னால் ஒரு நிமிஷ வேலை. அவன் மறுநாள் மில்லுக்குப் போவான். மிச்சமிருக்கிற விரல்களோடு. அது போகட்டும். அவனுக்கு உண்மையிலேயே சொல்லிக்கொடுக்க வரும். அவர்கள் குடியிருந்த வரிசை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கழித்தல் கணக்குக்கு அவனிடம்தான் ஓடிவரும். அடிக்காமல், கத்தாமல், பலகையில் மில்காரன் கோடு போடுவது மாதிரி நிதானமாகக் காட்டுவான். 'புரியல மாமா' என்று பத்துத் தடவை சொன்னாலும் பதினோராவது தடவை முதலிலிருந்து ஆரம்பிப்பான். அப்படிப்பட்டவனைத் திரும்பவும் கட்டை சுமக்க அனுப்புவது பாவம் என்று அவளுக்கே தோன்றியது.

அதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. நீதான் இருந்தாய் என்று வாய்விட்டுச் சொல்வதும், நீதான் கொன்றாய் என்று சொல்வதும் அவளுக்கு ஒன்றுதான். ஆறு வருஷம் மனசுக்குள்கூடச் சொல்லாததை ஒலிபெருக்கியில் எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து திரும்பும்போது பெரியக்கா குடைக்குள் நுழைந்துகொண்டாள்.

"அன்னைக்கு நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்" என்றாள். "தினம் இவரு மன்னிச்சாரு மன்னிச்சாருன்னு நெனச்சுக்கிட்டே எப்படிச் சோறு போடறே நீ? எனக்குன்னா அடிக்கறவனோட வாழ்ந்துடலாம், மன்னிச்சவனோட வாழமுடியாது."

உண்மையைச் சொல்ல அப்போது வாய் திறந்தாள். பெரியக்காவிடம் சொன்னால் திங்கட்கிழமை காலைக்குள் பாய்லர்வரை போய்ச் சேரும். "குடைய நேராப் பிடி, தோள் நனையுது" என்று மட்டும் சொன்னாள்.

பள்ளிக்கூடத்துக் கூடம் நீளமாக இருந்தது. வாசலில் நனைந்த குடைகள் குவிந்து கிடந்தன. பிள்ளைகள் வரிசை வரிசையாகத் தரையிலும், பெற்றோர்கள் பின்னால் பெஞ்சுகளிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஈரச் சீருடையும் சாக்பீஸும் கலந்த வாசனை. மேடையில் மூன்று புது வாத்தியார்கள். மற்ற இருவரும் இளவட்டங்கள். நடுவில் இவன், நரைத்த தலையும் சுருக்கமில்லாத சட்டையுமாக நின்றான்.

பெரியம்மா என்று எல்லாரும் சொல்லும் தலைமை ஆசிரியை மெலிந்த, குரல் தாழ்ந்த மனுஷி. மற்ற இருவரையும் பற்றி இரண்டிரண்டு வாக்கியம் சொன்னார். இவனைப் பற்றி மட்டும் நின்று நிதானமாகச் சொன்னார். காய்ச்சல், பூட்டிய வீடு, கதவைத் திறந்த தகப்பன், மூன்றாம் நாள். பெஞ்சில் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். அந்த அம்மாளிடம் வஞ்சகம் இல்லை; நல்ல சாட்சி என்று நம்பித்தான் சொன்னார். சொல்லி முடித்து, "அந்தச் சகோதரியும் இங்க வந்திருக்காங்க. மேல வாங்கம்மா. பயப்படாதீங்க. இங்க யாரும் உங்களக் குத்தம் சொல்றவங்க இல்ல" என்றார்.

அவள் எழுந்து போனாள். படி ஏறும்போது அவனைப் பார்த்தாள். அவன் பிள்ளைகளின் தலைக்குமேல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா" என்று ஒலிபெருக்கியை அவள் கையில் கொடுத்தார் பெரியம்மா.

கீழே முந்நூறு பிள்ளைகள். எல்லாம் வாயைத் திறந்து பார்த்தன. ஏதோ ஒரு பிள்ளை இருமியது. நெஞ்சில் சளி கட்டியிருக்கிற இருமல், கவனிக்கவேண்டும் என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது.

"ஆமா" என்றாள். குரல் கூடத்தின் கடைசிச் சுவர்வரை போய் அவளிடமே திரும்பி வந்தது. "அன்னைக்கு நான் வேலைக்குப் போயிருந்தேன்."

நிறுத்தினாள். இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி இருந்தது. அவன் இப்போது அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவரு புள்ளைங்கள நல்லாப் பாத்துப்பாரு" என்றாள்.

கூடம் ஸ்தோத்திரம் சொன்னது. அவன் தலைமேல் கைகள் வைத்து ஜெபித்தார்கள். கீழே இறங்கியதும் பெண்கள் நாலைந்து பேர் அவளைக் கட்டிக்கொண்டார்கள். கர்த்தர் மன்னித்துவிட்டார், நீங்களும் உங்களை மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள் ஒருத்தி. அவர்களுக்குப் பின்னால் ஒரு இளம்தாய், தன் இடுப்பளவுப் பையன் கூட்டத்தை வேடிக்கை பார்க்க நகர்ந்ததைக் கண்டு, அவன் தோளைப் பிடித்து மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவளைப் புண்படுத்தவேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

பத்து மணிக்கு வகுப்பு ஆரம்பம். அவனுக்கு நாலாம் வகுப்பு. வராந்தாவில், வகுப்புக் கதவுக்கு வெளியே, அவன் அவளைப் பிடித்து நிறுத்தினான். கண் சிவந்திருந்தது.

"என்னால முடியல. நான் போய்ப் பெரியம்மாகிட்ட உள்ளதச் சொல்லிடறேன். வேலை போனாப் போகட்டும்."

"வேணாம்."

"நீ அங்க நின்னத என்னால பாக்க முடியல."

"பாத்துட்டே. முடிஞ்சுபோச்சு. யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லவேணாம்." அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான புதுசில் பிடித்தது மாதிரி, மணிக்கட்டில். "என்கிட்ட சொல்லு. எனக்கு மட்டும். நான் இதுவரைக்கும் கேட்டதில்ல. இப்பக் கேக்கறேன். அன்னைக்கு என்ன நடந்துச்சு? நான் கோவிச்சுக்க மாட்டேன். யாராவது ஒருத்தர்கிட்ட நீ அதச் சொல்லித்தான் ஆகணும்."

அவன் தலையாட்டினான். கண்ணை மூடிக்கொண்டான்.

"மழ பெஞ்சிட்டிருந்துச்சு" என்றான். "மில்லுல அன்னைக்கு லோடு சீக்கிரம் முடிஞ்சுடுச்சு. மனசு ஒரு மாதிரி இருந்துச்சு, வேகமா வந்தேன். கதவத் தொறந்தா, உள்ள ஒரு சத்தமும் இல்ல..."

அவள் காத்திருந்தாள். அவனே நிறுத்திக்கொள்வான் என்று காத்திருந்தாள். அவன் நிறுத்தவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, உண்மையான தண்ணீர். "பாப்பா போர்வைய உதறிட்டுக் கிடந்தா. நான் கூப்பிட்டேன். பாப்பா, அப்பா வந்துட்டேன்னு கூப்பிட்டேன்..."

அன்று மழை இல்லை. லோடும் இல்லை. அவன் மில்லுக்கே போகவில்லை. அந்த வீட்டின் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவள் அவள்தான்.

அவன் மணிக்கட்டை விட்டாள். அந்த மேஜை, அந்தப் புத்தகம், 'எழுப்பாதே' என்று சொன்ன குரல், நெற்றியின் அந்தச் சில்லிப்பு எல்லாவற்றையும் இனி அவள் ஒருத்திதான் தூக்கிச் சுமக்கவேண்டும் என்று தெரிந்தது. எதிர்முனையைப் பிடிக்க ஆள் இல்லை.

மணி அடித்தது. உள்ளேயிருந்து ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கதவிடுக்கில் தலையை நீட்டி, "சார், வர்றீங்களா, இல்ல நாங்களே பேசிக்கிட்டிருக்கலாமா?" என்று கேட்டாள்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெண்டாட்டியைப் பார்த்தான்.

"போங்க, நேரமாச்சு" என்றாள்.

அவன் உள்ளே போனான். பெஞ்சுகள் கிறீச்சிட, பிள்ளைகள் எழுந்து நின்று நீட்டி முழக்கி வணக்கம் சொல்லின. அவன் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தான். வராந்தாவில் தடுமாறிய குரல் இப்போது தெளிவாக, நிதானமாக இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல், 'உள்ளேன் ஐயா' என்றது. அவள் தூணைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பெயர்வரை கேட்டாள். பட்டியல் முடிந்தது. பதிவேட்டை மூடும் சத்தம் கேட்டது.

மதிய ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் அவள் மழையில் இறங்கி நடந்தாள்.